பதினேழாம் எண் சேலை

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரே ஆளாக வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷங்கள். ஊரில் யாராவது கேட்டால் "படம் போடுதோம்" என்று சொல்லிவிடுவோம். உண்மையில் நாங்கள் தூரிகையைத் தொட்டே வெகுநாளாகியிருந்தது. எங்கிருந்தாவது பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் வைப்போம், அல்லது தொங்கவிடுவோம். பக்கத்தில் ஒரு அட்டையில் நாலு வரி எழுதுவோம். அதற்குக் கருத்துக் கலை என்று பெயர். என் மாமியார் அதற்குப் பொழப்பத்த வேலை என்று பெயர் வைத்திருந்தார். அவர் சொன்னதுதான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

இருவரும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அங்கே நான் அவரை "லே" என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்குக் குடிவந்த பிறகு வாசலில் "என்னங்க", உள்ளே "லே". அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். நான் வீட்டில் இருந்துகொண்டு சேலைகளுக்கு உள்கரையில் ஃபால்ஸ் பட்டை தைத்துக் கொடுப்பேன். சோற்றுக்கு அது போதும். மிச்ச நேரமெல்லாம் கலை.

எங்களுக்குள் இரண்டு சட்டங்கள் உண்டு. யோசனை யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாது. இது முதலாவது. இரண்டாவதுதான் முக்கியம். ஒருவர் "வேண்டாம்" என்றால் அந்த வேலை அத்தோடு சரி, ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது. ஒருமுறை அவருடைய செத்துப்போன அப்பாவின் பல்செட்டை வைத்து ஒன்று செய்யலாம் என்றேன். வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இப்படி ஒரு மரியாதை உண்டு என்று கல்லூரிச் சிநேகிதிகளுக்குக் கடிதமெல்லாம் எழுதியிருக்கிறேன்.

பாபநாசத்தில் ஆற்றில் துணி விடுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாவமோ தோஷமோ பீடையோ, என்னவாக இருந்தாலும், உடுத்தியிருக்கிற துணியோடு முங்கி எழுந்து, அந்தத் துணியை அப்படியே ஆற்றோடு விட்டுவிட்டு, புதுசு உடுத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். விட்டவர்களுக்கு அது தாமிரபரணியோடு போய்விட்ட மாதிரி. ஆற்றுக்கு அப்படியில்லை. படித்துறைக்குக் கீழே பாறை இடுக்குகளில் சட்டை, வேட்டி, சேலை, பாவாடை என்று அப்பிக்கொண்டு கிடக்கும். மீன் கடிக்கிறதோ என்று காலைத் தூக்கிப் பார்த்தால் யாரோ ஒருவரின் ரவிக்கை சுற்றியிருக்கும்.

அந்தத் துணிகளை எடுத்துக் காட்சிக்கு வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. சட்டமெல்லாம் காற்றில் போய்விட்டதால் இப்போது சொல்லலாம்.

அதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவள், சீவலப்பேரியில் வாக்கப்பட்டவள். அவளுக்கு ஒரே பெண். ஐந்து வயது. என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் "ச்சித்தா" என்று கூப்பிடும். அந்த வருஷம் தை மாசத்தில் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். அக்காவின் நாத்தனார் வீட்டு விசேஷம், போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். பிள்ளைக்கு முதல் நாள் இரவிலிருந்து காய்ச்சல். அக்கா பக்கத்துத் தெருக் கடையிலிருந்து எங்கள் வீட்டு உரிமையாளருக்கு போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஒரு நா வந்து பிள்ளயப் பாத்துக்கிடுதியா?" என்றாள். "வேலை இருக்குக்கா" என்றேன். என்ன வேலை தெரியுமா? பழைய பூட்டுகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாசம் மதுரையில் ஒரு கண்காட்சி.

அக்கா பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, நான் ஃபால்ஸ் தைத்துக் கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஆள் வந்தது. பிள்ளைக்கு ஜன்னி. அவள் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. சாயங்காலம் அந்தச் சேலை மடியிலேயே போய்விட்டது.

அப்புறம் அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. மாமியார் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கல்யாணத்தில் எடுத்த போட்டோக்கள் வந்தபோது, அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவை மட்டும் எடுத்து அவள் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். மாசி மாசம் எங்கள் அம்மா அவளைப் பாபநாசம் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சேலையோடு முங்கவைத்து, அதை ஆற்றில் விடவைத்துக் கூட்டிவந்தாள். என்ன மாயமோ, அன்றைக்கு ராத்திரி அக்கா இரண்டு தோசை சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் கோலம் போட ஆரம்பித்தாள். நான் பார்க்கப் போனபோது, "போயிட்டுட்டி. தண்ணியில விட்டதும் தோள்லருந்து எறங்கின மாதிரி இருந்துச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் வாயிலிருந்து எடுத்த யோசனை.

பங்குனியில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் பாபநாசம் போவோம். தொரட்டிக் கம்பால் அவர் பாறை இடுக்குகளைத் துழாவுவார், நான் இழுத்துக் கரையில் போடுவேன். படித்துறையில் தேங்காய் பழம் விற்கிற அம்மா ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது ஞாயிறு பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தாள்.

"படிச்சவுக மாதிரி இருக்கிய. விட்ட துணிய எடுக்கலாமாம்மா? விட்டவுக பாவம் எடுத்தவுகளுக்குல்லா வந்து சேரும்."

நாங்கள் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டோம். கண்காட்சி வாசலில் பெரிய எழுத்தில் அதைத்தான் வைத்தோம். அவள் எச்சரிக்கை எங்களுக்கு நல்ல தலைப்பாகப் பயன்பட்டது.

மூன்றாவது ஞாயிறு அந்தச் சேலை வந்தது. பெரிய சேலை, தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். பாறையில் விரிக்கும்போது சேலைக் கரையின் ஓரம் திரும்பியது. ஃபால்ஸ் பாதி வரைக்கும் அரக்கு நூல், அதற்கு மேல் பச்சை நூல். அரக்கு நூல் தீர்ந்துபோய், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் பச்சையில் தைத்து முடித்தது.

"இது எப்படி?" என்றார் அவர். ஒவ்வொரு துணிக்கும் கேட்பதுதான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் அந்தச் சட்டமே. ஆனால் வெயிலில் அந்தச் சேலை பாறை மேல் கிடந்த அழகு இருக்கிறதே, அதுவரை எடுத்த எதிலும் அது இல்லை. கிழிந்த வேட்டியும் சாயம் போன சட்டையுமாக இருந்த குவியலில் இது ஒன்றுதான் கண்ணை இழுத்தது. வேறு யாருடையதாவது இப்படி இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் எரிச்சல்கூட வந்தது. "சரி" என்றேன்.

நாற்பது துணிகள் சேர்ந்தன. துவைக்கவில்லை. கெட்டிக் கஞ்சியில் முக்கி, ஆள் நிற்கிற மாதிரி விறைக்கவைத்து, கம்பியில் தொங்கவிட்டோம். பெயர் கிடையாது, எண் மட்டும். சேலை பதினேழு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெட்டி. பார்க்க வருகிறவர்கள் அந்தத் துணி என்ன பாவத்தைக் கழுவ வந்தது என்று ஊகித்து ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். அதில் கிடப்பதை யாரும் எடுத்துப் படிக்கலாம். இதுதான் வேலை. முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குப் பாவம் எழுதுவது. பாவம் என்பதே பார்க்கிறவன் எழுதுவதுதான் என்று அட்டையில் நாங்கள் விளக்கம் வேறு கொடுத்திருந்தோம்.

சென்னையில் ஒரு ஓவியக் காலரியில் வைத்தார்கள். அதை நடத்திய அம்மாள் கதர்ச் சேலையும் கட்டைக் குரலுமாக இருப்பார், எங்களைப் பற்றிப் பேசும்போது எப்போதும் "இந்த இரட்டையர்" என்பார். முதல் நாள் கூட்டம் வந்தது, ஜூஸ் குடித்தது, ஒருவரும் சீட்டு எழுதவில்லை. மேல்தட்டு ஜனங்களுக்கு அடுத்தவன் பாவத்தை எழுதக் கூச்சம். வாயால் பேசத்தான் கூச்சமில்லை. "நீங்களே ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் போட்டுவிடுங்கள், பார்த்து எழுதுவார்கள்" என்றார் அம்மாள். பின்னறையில் உட்கார்ந்து பாதித் துணிகளுக்கு என் வீட்டுக்காரரும் பாதிக்கு நானும் எழுதினோம். பதினேழு என் பங்கில் வந்தது. தற்செயலாக வரவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

"காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனவள்" என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற சீட்டுகளில் எழுதியதெல்லாம் திருட்டு, சூது, கள்ளத்தொடர்பு என்று கூத்துக்காரன் வசனமாக இருந்தது. இது ஒன்றுதான் உண்மையாக நிற்கும் என்று என் கைக்குத் தெரிந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பிள்ளைமேல் எனக்கு உயிர். அக்காமேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. தூத்துக்குடிக்கு அவள் போகாமல் இருந்திருந்தால் என் பூட்டுகளைப் பற்றி நான் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

அந்தச் சீட்டு வேலை செய்தது. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் எழுதினார்கள். பதினேழாம் பெட்டி நிறைந்து வழிந்தது. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் எங்களைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. அதில் என் வரியை மொழிபெயர்த்துப் போட்டு, பெயர் தெரியாத பார்வையாளர் ஒருவர் எழுதியது என்று மெச்சியிருந்தார்கள். அதை நான் வெட்டி வைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம். இதை அந்த மண்ணுக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அம்மாள் ஒற்றைக்காலில் நின்றார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்கு மேலே மாடியைப் பிடித்து, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, பத்து நாளைக்கு காலரி ஆக்கினார். இந்தத் தடவை சீட்டுகள் பெட்டியில் இல்லை. அந்தந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்தினோம். வீட்டில் அவர் என்னிடம், "ஊர்ல வைக்கலாம்னு சொல்லுதாங்க. ஒனக்குச் சரிதான?" என்று கேட்டார். இரண்டாவது முறை கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். "சரி" என்றேன். அக்கா வரமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். சினிமாவுக்குக்கூடப் போகாதவள், இதற்கா வரப்போகிறாள்? அந்தச் சீட்டை மட்டும் உருவிவிடலாம் என்று போய் நின்றேன். அது இல்லாவிட்டால் பதினேழு வெறும் சேலை. குண்டூசியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அக்கா வந்தாள்.

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சலவைச் சேலை, நெற்றியில் குங்குமம், கையில் ஒயர்க் கூடை. கூடையில் எனக்குத் தலைக்கு வைக்க மல்லிகைப்பூ, ஈரத்துணியில் சுற்றி. "ஊரே பேசுது, எந் தங்கச்சி பேப்பர்ல வந்துருக்கான்னு. நான் வராம எப்பிடி?" என்றாள். அவளே பூவை என் தலையில் வைத்துவிட்டாள். வாசலில் தொங்கிய வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

உள்ளே என் வீட்டுக்காரரும், அம்மாளும், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். அக்கா ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தாள். எதையும் விடவில்லை. ஒவ்வொரு சீட்டையும் படித்தாள். ஐந்தாம் எண் வேட்டியில் "மச்சினன் கோழியைத் திருடியவன்" என்று இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பிள்ளை போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பன்னிரண்டில் ஒரு சின்னப் பாவாடை. அதன் முன்னால் நின்று, "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். நான் கூடவே நடந்துகொண்டிருந்தேன். "அக்கா, காப்பி குடிச்சிட்டு வந்து பாப்பமா" என்றேன். "பொறுட்டி, பைய பாப்போம். பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான்" என்றாள்.

பதினேழுக்கு வந்தாள். சேலையை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கஞ்சியில் அது வேறு நிறமாக இருந்தது. அதன் கரையைப் பார்த்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு கையை நீட்டி ஓரத்தைத் திருப்பினாள். பச்சை நூல்.

"ஆத்துல போவலியா" என்றாள்.

கூடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"அங்கனயேவா கெடந்துச்சு? தண்ணி இழுத்துட்டுப் போயிட்டுன்னுல்ல நெனச்சேன். அம்மா திரும்பிப் பாக்கப்பிடாதுன்னு சொன்னா. நான் பாக்கல." அவள் நூலை விரலால் தடவிக்கொண்டே பேசினாள். "அப்ப அது போவவே இல்ல, என்ன?"

அப்புறம் சீட்டுகளைப் படித்தாள். சேலை முழுக்கச் சீட்டு. தாலியை அடகு வைத்தவள், மாமியார் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவள், கூடப்பிறந்தவளுக்குத் துரோகம் செய்தவள். எதிலும் நிற்கவில்லை. நடுவில் இருந்ததில் நின்றாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். குண்டூசியைப் பிடுங்கி அதைக் கையில் எடுத்தாள்.

"இது ஒன் எழுத்துல்லா."

"ஆமாக்கா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதிருக்க. அன்னைக்கு ஒன்னக் கூப்ட்டேன்லா, அத மட்டும் விட்டுட்ட" என்றாள்.

பிறகு கம்பியிலிருந்து சேலையை உருவினாள். விறைத்துப்போயிருந்த துணி அப்பளம் மாதிரி முறிந்தது. சீட்டுகள் தரையில் கொட்டின. அவள் நிதானமாக அதை மடித்து, மடியாத இடத்தில் முழங்காலால் அழுத்தி, ஒயர்க் கூடைக்குள் வைத்தாள். கல்லூரிப் பையன்கள் இதுவும் வேலையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள். கைதட்டலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் பழக்கிய மாதிரி, கும்பிட்டாள். அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள்.

அம்மாள் என் பக்கத்தில் வந்து, "யார் அவங்க? அபாரம். நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்திய பிறகு, கீழே கிடந்த சீட்டுகளை அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நிமிராமலே, "ஆத்தங்கரையிலயே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒங்கக்கா சேலைன்னு. அவுக கட்டிப் பாத்துருக்கேன்லா. நீ வேண்டாம்னு சொல்லுவன்னுதான் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"நீ சொல்லிருக்கலாம்ல."

"எனக்கும் அந்தச் சேல பிடிச்சிருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. கம்பி வெறுமையாக இருக்க, பதினேழு என்ற எண்ணை மட்டும் தொங்கவிட்டு மீதி ஏழு நாளும் கண்காட்சியை நடத்தினோம். காலியிடம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது என்று வந்தவர்கள் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து இன்னும் நாலு வருஷம் வேலை செய்தோம், சட்டமும் இருந்தது. ஆனால் அதன் பிறகு இருவரில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை. எதைக் கேட்டாலும் சரி, சரி என்று தலையாட்டி, ஒன்றுக்கும் உதவாத வேலைகளாகச் செய்து முடித்தோம்.

அக்கா வீட்டுக்குப் போக எனக்கு மூன்று மாசம் ஆனது. ஐப்பசி மழை. சீவலப்பேரி பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே போனேன். அக்கா அடுக்களையில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். அந்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். மூன்று மாசமாக அதைத்தான் கட்டுகிறாள், ராத்திரி துவைத்துக் காயப்போட்டு விடியற்காலம் அதையே உடுத்திக்கொள்கிறாள், வேறு எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று அத்தான் முற்றத்தில் வைத்தே என்னிடம் சொல்லியிருந்தார். கஞ்சி முறிந்த இடங்களில் எல்லாம் இழை விட்டுப்போய், ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள். குண்டூசி குத்திய துளைகளை அப்படியே விட்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"வாட்டி. நனஞ்சுட்டியே, தலையத் துவட்டு" என்றாள்.

நான் துவட்டவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அன்றைக்குப் பூட்டுக் கோத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவள் மீனைத் திருப்பித் திருப்பி உரசிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி மீனை அலசினாள்.

"அக்கா, நாளைக்கே பாபநாசம் போவோம். நானும் கூட வாரேன். இந்தச் சேலைய அங்கன விட்டுட்டு வந்துருவோம்" என்றேன்.

அவள் அலசிய தண்ணீரை அங்கணத்தில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"எதுக்கு? விட்டா நீ எடுத்துட்டு வந்துருவ."